படுதாவிலிருந்து இறங்கியவர்கள்

அந்த வருடம் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகப் படுதாவில் இருந்த புருஷனும் பெண்சாதியும் கழுதையும் நடக்கத் தொடங்கியதை முதலில் பார்த்தவர்கள் பிள்ளைகள்தான். பெரியவர்களாகிய நாங்கள் அப்போது மேடையை மேலத்தெருவைப் பார்த்துப் போடுவதா கீழத்தெருவைப் பார்த்துப் போடுவதா என்று முட்டிக்கொண்டிருந்தோம். நான் கமிட்டியின் செயலாளர். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுத வேண்டியவன். ஆகவே இதை ஒழுங்காகச் சொல்லக் கடமைப்பட்டவனும் நான்தான்.

படுதாவுக்கு முப்பத்தொரு வயது. தேர்தல் காலத்தில் சுவர் எழுதுகிற ஓவியர் ஒருவர், பவுடர் கலரைப் பசையில் குழைத்து, கெட்டியான காடாத் துணியில் எங்களுக்காக ஒரு பெத்லகேமை வரைந்து கொடுத்து, "மழையில மட்டும் காட்டிராதீய, தண்ணி பட்டா கலர் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெத்லகேமைப் பார்த்ததில்லை, எங்கள் ஊரான கிருபைபுரத்தைத்தான் பார்த்திருந்தார். அதனால் பெத்லகேமில் பனைமரங்களும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் ஓட்டு வீடுகளும் இருந்தன, நடுவில் ஒரு சத்திரம் இருந்தது, சத்திரத்துக்குப் பின்னால் போகிற செம்மண் ரோட்டின் கோடியில், கட்டைவிரல் அளவுக்கு, ஒருவன் கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றான், கழுதைமேல் நீலச்சேலை கட்டிய ஒருத்தி இருந்தாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர்களுக்கு முகம் எதற்கு என்று ஓவியர் இரண்டு பேருக்கும் முகம் வரையவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு, பள்ளிக்கூட ஹாலில் நடந்த முதல் ஒத்திகையில், எப்சிபா என்ற பிள்ளை கையை நீட்டி, "டீச்சர், அவங்க போன வாரம் தொங்கவிடும்போது ரோட்டுக் கோடியில இருந்தாங்க, இப்ப பனைமரத்துக்கிட்ட இருக்காங்க" என்று சொன்னாள். எப்சிபாவுக்குப் பதினொரு வயது. அவள் அம்மா தையல்காரி, சாத்தூர்ப் பக்கமிருந்து ஜூன் மாதம்தான் வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள், அவளுக்கு ஆறு மாதத்தில் ஒரு தம்பி. நாடகத்தில் அவளுக்கு, வந்தவர்களுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்துகிற சத்திரக்காரர் வேஷம். அதை யாரும் விரும்பி வாங்குவதில்லை. வாங்கினால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை தெருவில் "ஏ சத்திரம்" என்றுதான் கூப்பிடுவார்கள். புது ஊர்க்காரி, குரலும் பெரிது, ஆகவே அவள் தலையில் கட்டினார்கள்.

புளோரா டீச்சர் ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பாளர், கமிட்டியில் இருக்கிற ஒரே பெண். பிள்ளைகளின் சேட்டையாக இருக்கும் என்று நினைத்து, கழுதையின் காலுக்கு அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அடுத்த ஞாயிறு கழுதை கோட்டைத் தாண்டி ஒரு சாண் வந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. கிட்டே வரவர அவர்கள் பெரிதானார்கள், பெரிதாக ஆக, ஓவியர் கொடுக்காமல் விட்ட முகத்தை அவர்களே போட்டுக்கொண்டார்கள், அந்தப் பெண்ணுக்கு முகம் வந்தபோது அது நடந்து நடந்து வீங்கிப்போன, நிறைமாதக்காரியின் முகமாக இருந்தது.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்று சொல்வோம். இளவயதுக்காரரான எங்கள் ஐயர் திருமண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பெருவிழாக் காலம், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கீழத்தெரு ஜோதிராஜ் வாத்தியார், வாரத்துக்கு எத்தனை சாண் என்று அளந்து கணக்குப் போட்டு, இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் படுதாவின் அடிவிளிம்புக்கு வந்துவிடுவார்கள் என்று கரும்பலகையில் எழுதி வைத்தார். மேலத்தெருப் பெண்கள் படுதாவுக்கு முன்னால் ஏழு வகைச் சோறு ஆக்கி வைத்து, வளையலையும் வைத்தார்கள். இது தெரிந்து கீழத்தெருப் பெண்கள் ஒன்பது வகை வைத்தார்கள். கழுதைக்குப் புல் போட்டது பிள்ளைகள்.

வாத்தியார் கணக்கு தப்பவில்லை. இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முதலில் கழுதை இறங்கியது, பிறகு அவன் இறங்கி, அவளைக் கைபிடித்து இறக்கினான். இரண்டு பேர்மேலும் புதுச் சுவரின் வாடை அடித்தது. அவர்களுக்குத் தெரிந்த தமிழ், முப்பத்தொரு வருடமாகப் படுதாவுக்கு முன்னால் பேசப்பட்ட தமிழ் மட்டும்தான். ஆகவே அவன் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டு, நாடகத்தில் சொல்கிற மாதிரியே, "ஐயா, என் மனைவி மிகவும் களைத்திருக்கிறாள், தங்குவதற்கு இடம் கிடைக்குமா?" என்று கேட்டான். அவள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரைஸ் மில் வைத்திருக்கிற மேலத்தெரு ஆசீர்வாதம் அண்ணாச்சியிடம் வந்து, "ஆசீர், ரெக்கையைக் கடிக்காதே" என்றாள். அண்ணாச்சி ஒன்பது வயதில் தேவதூதனாக நடித்தபோது டீச்சர் சொன்னது அது. அந்தப் பெரிய மனிதர் அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. இடமில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. முப்பத்தொரு வருடம் அந்த நாடகத்தைப் பார்த்த ஊரில் சத்திரக்காரன் என்று பேர் வாங்க ஒருத்தருக்கும் மனமில்லை, ஆகவே எல்லாரும் இடம் கொடுத்தார்கள். ஆசீர்வாதம் அண்ணாச்சி மாடியில் ஏசி அறையைக் கழுவிவிட்டு வைத்திருந்தார். ஜோதிராஜ் வாத்தியார் வீட்டுக்கு வெள்ளையடித்து, கழுதைக்குத் தனியாகக் கொட்டகையும் போட்டிருந்தார். மேலத்தெருவில் தங்கினால் கீழத்தெரு நாடகத்துக்கு வராது, கீழத்தெருவில் தங்கினால் மேலத்தெரு கோயிலுக்கே வராது. ஐயர், "அப்படின்னா எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார். ஐயர் வீடு மேலத்தெரு எல்லைக்குள் இருக்கிறது என்று வாத்தியார் சர்வே எண்ணைச் சொன்னார். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றேன் நான். பரிசுத்த குடும்பத்தைக் குலுக்கலில் போடுவதா என்று இரண்டு தெருவும் ஒன்றாகச் சேர்ந்து என்னை ஏசியது. அந்த மாதத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

முடிவாகும் வரை அவர்களைக் கோயில் வளாகத்துச் சைக்கிள் கொட்டகையில் வைத்தோம். பள்ளிக்கூட ஹாலில் வைத்திருக்கலாம், ஆனால் அதற்குள் கிறிஸ்துமஸ் அசன விருந்துக்கான அரிசி மூட்டையும் அண்டாவும் விறகும் வந்து இறங்கிவிட்டன. கோயிலுக்குள் அலங்கார வேலை நடந்தது, வேலை முடிந்ததும் பூட்டி, சாவியை வெஸ்டரி ஆணியில் மாட்டிவிட்டோம். வெஸ்டரி என்பது கோயிலை ஒட்டிய அறை, ஐயர் அங்கி மாற்றுகிற இடம், வளாகத்தில் சொட்டு ஒழுகாத ஒரே அறை. அங்கே கமிட்டி உட்கார்ந்திருந்தது, அவர்களுக்கு எங்கே இடம் கொடுப்பது என்று பேசுவதற்காக.

மறுநாள் காலை ஒரு தூறல் விழுந்தது. கொட்டகைத் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக நாலைந்து சொட்டு அந்தப் பெண்ணின் இடது கைமேல் பட்டது. பட்ட இடத்திலிருந்து கோதுமை நிறம் கரைந்து தரையில் ஓடியது. எப்சிபா பாவாடை நுனியால் ஒற்றினாள். ஒற்ற ஒற்ற நிறம் பாவாடைக்கு வந்தது. முழங்கைக்குக் கீழே வெறும் காடாத் துணி தெரிந்தது, விரல் ஐந்தும் இல்லை. அந்தப் பெண் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலி என்று சொல்ல அவளுக்கு வார்த்தை இல்லை, நாடகத்தில் யாருக்கும் வலித்ததில்லை.

எப்சிபா நேராக வெஸ்டரிக்கு வந்து நின்றாள். "மாமா, மழை பெருசா வந்தா அவங்க கரைஞ்சு போயிருவாங்க. எங்க அம்மா கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. ஒரு ரூம்தான், ஆனா ஒழுகாது."

கமிட்டி இதைத் தீர விசாரித்தது. எப்சிபா குடும்பத்தின் மாற்றுக் கடிதம் பழைய சபையிலிருந்து இன்னும் வரவில்லை, சபைப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை, பெயர் ஏறாத வீட்டில் எப்படித் தங்க வைப்பது? இரண்டு குடை வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானம் ஆனது. அதை அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்.

அந்த மூன்று நாளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் பிள்ளைகள். மொத்தம் பத்தொன்பது பேர். ஆடுகளாக நடிக்கிறவர்கள் முறை வைத்து டீ வாங்கி வந்தார்கள், தேவதூதர்கள் தகர ஓட்டையில் பபுள்கம் ஒட்டினார்கள், ராஜாக்கள் மூன்று பேரும் வானத்தைப் பார்த்து மேகம் வருகிறதா என்று சொல்ல வேண்டியது. பிள்ளைகளின் பேச்செல்லாம் அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே பழக்கம். "சத்தம் போடாதீங்க, கோடு தாண்டி நிக்காதீங்க" என்று டீச்சரின் குரலிலேயே அதட்டுவாள், பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

கடைசி ஒத்திகையில் எப்சிபா வசனம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஒரே வரிதானடி. இடமில்லை, போங்கள். சொல்லிட்டுக் கதவைச் சாத்து" என்றார் புளோரா டீச்சர்.

"அவங்க அங்க உக்காந்து கேட்டுட்டிருக்காங்க டீச்சர். எப்படிச் சொல்ல?"

டீச்சர் அத்தோடு ஒத்திகையை முடித்தார்.

இருபத்துநான்காம் தேதி வந்தது. ஆறு மணிக்கு நாடகம். வளாகத்தில் ஓலைப் பந்தல் மேடை, மேடையில் படுதா, படுதாவில் ஆளில்லாத செம்மண் ரோடு. மூன்று மணிக்குக் கமிட்டி கடைசியாகக் கூடியது. பன்னிரண்டு நாற்காலியில் பதினான்கு பேர் உட்கார்ந்தோம். பகலில் மேலத்தெரு, ராத்திரிக்குக் கீழத்தெரு என்று ஒரு வழி பிறந்து, பகல் என்பது எத்தனை மணிக்கு முடிகிறது என்பதில் வந்து நின்றது. மூன்றரைக்குக் காற்றடித்தது. கொட்டகைத் தகரம் பிய்த்துக்கொண்டு போன சத்தம் எங்களுக்கும் கேட்டது. உடனே மழை இறங்கியது, டிசம்பர் மழை, கொடுத்துவிட்டுத்தான் ஓயும் மழை.

கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். நோட்டை மடியில் வைத்துக்கொண்டே பாதிக் கதவைத் திறந்தேன். எப்சிபா சொட்டச் சொட்ட நின்றாள். மூச்சு வாங்கியது. "மாமா, அவங்களுக்கு இடம் வேணும்" என்றாள். சாரல் உள்ளே அடித்தது, நோட்டு நனைந்தது, தீர்மானங்களெல்லாம் அழிந்துவிடுமே என்று எனக்குப் பதறியது.

"இடமில்ல பிள்ள, மீட்டிங் நடக்குதுலா, போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நான் நடிக்கவில்லை, யாரையும் புண்படுத்த நினைக்கவுமில்லை, உள்ளே நிஜமாகவே நாற்காலி இல்லை. திரும்பி உட்கார்ந்து நோட்டைத் துடைத்தேன்.

"யாரு?" என்றார் புளோரா டீச்சர்.

"எப்சிபா. அவங்களுக்கு இடம் வேணும்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீக?"

நான் என்ன சொன்னேன் என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அது என் காதில் விழுந்தது. பதினான்கு பேர் காதிலும் விழுந்தது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தொரு வருடமாக எந்தப் பிள்ளையும் அந்த வசனத்தை அவ்வளவு இயல்பாகச் சொன்னதில்லை. எனக்கு வந்த வெட்கத்தை என்னவென்று எழுதுவது, அப்படியே எழுந்து ஊரை விட்டுப் போய்விடலாம் போல இருந்தது. டீச்சர் சாவியை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார், பின்னால் நாங்கள் ஓடினோம்.

அதற்குள் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்திருந்தார்கள். மேடைக் கயிற்றை அறுத்துப் படுதாவை இறக்கி, மேடைக்கும் கொட்டகைக்கும் நடுவில், பத்தொன்பது பேரும் சுற்றி நின்று, பெத்லகேமைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். வேஷம் போட்டிருந்தபடியே நின்றார்கள், ஆடுகளின் பஞ்சு ஊறித் தொங்கியது, தேவதூதர்களின் அட்டை ரெக்கை கூழாகி முதுகில் வழிந்தது. படுதாவுக்கு அடியில் அந்தப் பெண் தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள், அவன் கழுதையைப் பிடித்துக்கொண்டு அவள் தலைமாட்டில் நின்றான், அவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே துணிதான். கொட்டகையிலிருந்து மேடைப் பந்தலுக்கு வருகிற பாதி வழியில் அவளுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. கோயிலைத் திறந்தும் பயனில்லை, இனி அவளை அசைக்க முடியாது. ஐயர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், ஊருக்கு வருகிற தரைப்பாலமான தாம்போதியில் தண்ணீர் ஏறி அது அக்கரையில் நின்றது.

டீச்சர் உள்ளே போனார். எப்சிபாவின் அம்மா எங்கிருந்தோ கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, குழந்தையை ஐயர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளைகளின் கை ஓய்ந்து படுதா தாழ்ந்தது. வாத்தியார் போய் ஒரு மூலையைப் பிடித்தார். அண்ணாச்சி போய் இன்னொரு மூலையைப் பிடித்தார். நான் நடுவில் போய்த் தலையால் முட்டுக் கொடுத்தேன். பிறகு இரண்டு தெருவும் வந்தது, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மழை மேலே பெய்யப் பெய்யப் பெத்லகேம் கரைந்தது. பனைமரம் பச்சையாக வாத்தியாரின் பட்டு வேட்டியில் இறங்கியது, தண்ணீர்த் தொட்டி அண்ணாச்சியின் புதுச் சட்டையில் இறங்கியது, செம்மண் ரோடு என் நெற்றி வழியாக வழிந்து வாய்க்குள் போனது, சத்திரமும் அதன் கதவும் போய், ஐந்தரை மணிக்கு எங்கள் தலைக்குமேல் ஒன்றும் எழுதாத காடாத் துணி மட்டும் இருந்தது. இனி அவர்கள் திரும்பிப் போக ஓர் ஊர் இல்லை என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிள்ளை பிறந்தது. டீச்சர் துடைத்து அவள் மார்பில் வைத்தார். ஆண்பிள்ளை, கருகருவென்று தலைமுடி. நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழைய துணி தாங்காமல் ஓரிடத்தில் ஒழுகி, ஒரு பெரிய சொட்டு பிள்ளையின் நெற்றியில் விழுந்தது.

அத்தனை பேரும் மூச்சை நிறுத்திவிட்டோம். தலைமாட்டில் நின்றவன் குனிந்து கையை நீட்டினான், நீட்டிய கை நனைந்திருந்ததால் நடுவிலேயே நிறுத்திக்கொண்டான். சொட்டு நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது, கன்னத்திலிருந்து காதுக்கு வந்தது, காதிலிருந்து டீச்சரின் வெள்ளைச் சேலையில் விழுந்தது. சேலையில் ஒரு நிறமும் ஒட்டவில்லை. வெறும் தண்ணீர். எப்சிபா ஈர விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்த இடம் சிவந்தது, அவ்வளவுதான்.

தேய்த்ததில் பிள்ளைக்குக் கோபம் வந்து வீரிட்டு அழுதது.

அந்தப் பெண் திடுக்கிட்டுப் போனாள். முப்பத்தொரு வருடம் அவள் பார்த்த நாடகத்தில் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் பொம்மை, அது ஒருநாளும் அழுததில்லை. இதற்கு அவளிடம் வசனம் இல்லை. அவள் புருஷனைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"தோள்ல போட்டுத் தட்டுங்கக்கா" என்றாள் எப்சிபா. "எங்க தம்பிக்கு அப்படித்தான் செய்வோம். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது."

அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, விரல் மிஞ்சியிருந்த வலது கையால் மெதுவாகத் தட்டினாள்.